தீப்பெட்டிக்குள் அடங்கிய லொறி



வீட்டிலே சும்மா கிடக்கும் பொருளைக் கொண்டு கைக்கும் மனத்துக்கும் வேலை கொடுக்கும் வழிகளை இப்பகுதியில் வாரந்தோறும் எடுத்துரைத்து வருகின்றோம். ஓலைப்பெட்டி இழைத்தலையும் பழைய சேலையில் விரிப்புத் தைத்தலையும் பற்றி எழுதியபொழுது, "எல்லாம் பெண்பிள்ளைகளுக்கே எழுதுகின்றீர்கள், ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லையா?" எனத் தந்தைமார் சிலர் எம்மைக் கடிந்துகொண்டனர். அவர்கள் மனம் ஆறும்பொருட்டு இவ்வாரம் சிறிய உலோக விளையாட்டுக் கார்களை எடுத்துக்கொண்டோம். ஆயினும் ஒன்றை முதற்கண் சொல்லிவிடுதல் நன்று. எமது வீட்டில் இவ்வேலையில் முந்தி நிற்பவள் பதினொரு வயதுப் பேத்தியே. தந்தைமார் பொறுத்தருள்க.

உள்ளங்கையில் அடங்கும் உலோகக் காரைக் கடையிலே வாங்கி, அதனைப் பிரித்து, நிறத்தை நீக்கி, வேறு நிறம் தீட்டி, சக்கரத்தை மாற்றி, உலகத்தில் அதைப்போல் வேறொன்று இல்லாதபடி ஆக்குவதே இப்பொழுதுபோக்கு. மேனாடுகளிலும் ஜப்பானிலும் வளர்ந்தவர்கள் பலர் இதிலே மாலைப்பொழுதைக் கழிக்கின்றனர். செலவு அதிகமில்லை, இடமும் அதிகம் வேண்டியதில்லை, ஒரு மேசையின் மூலை போதும். வேண்டுவது பொறுமை ஒன்றே. அப்பொறுமை எமக்குப் போதாதிருந்தமையால் ஒருமுறை பெரும்பிழை ஒன்று செய்தோம். அதனைப் பின்னர் கூறுவோம். முதலில் இக்கார்களின் பிறப்பைப் பார்ப்போம்.

ஒரு பிள்ளைக்காகச் செய்தது

சிறிய உலோக வாகனங்களுள் முன்னோடிகள் என்று சொல்லத்தக்கவை இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே பிராங்க் ஹோர்ன்பி என்பாரின் மெக்கானோ நிறுவனம் வெளியிட்டவை. 1934இல் அவற்றுக்கு டிங்கி எனப் பெயரிட்டனர். அவை சற்றுப் பெரியவை. விலையும் எளிய வீடுகளுக்கு எட்டாதது.

சட்டைப்பைக்குள் அடங்கும் காரின் கதை வேறு. இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947இல், லெஸ்லி சிமித், றொட்னி சிமித் என்னும் இரு நண்பர்கள் லண்டனிலே உலோக வார்ப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கினர். இருவர் பெயரிலும் பாதி பாதி எடுத்து லெஸ்னி என அதற்குப் பெயர் வைத்தனர். பெயரிலே ஒற்றுமை இருந்ததேயன்றி அவர்கள் உறவினரல்லர். பழைய மதுச்சாலை ஒன்றே அவர்களுடைய தொழிற்சாலை. ஜாக் ஓடெல் என்னும் வார்ப்புத் தொழில் வல்லுநரும் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

ஓடெலுக்கு ஒரு மகள் இருந்தாள். அவளுடைய பள்ளிக்கூடத்திலே, தீப்பெட்டிக்குள் அடங்கக்கூடிய விளையாட்டுப் பொருளை மாத்திரமே பிள்ளைகள் கொண்டுவரலாம் என ஒரு விதி இருந்ததாம். தந்தை பார்த்தார். தம் நிறுவனம் ஏற்கெனவே செய்து விற்ற வீதி உருளை இயந்திரத்தைச் சுருக்கி, பித்தளையிலே ஒன்று செய்து, தீப்பெட்டியுள் வைத்து மகள் கையிற் கொடுத்தார். மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அதுபோல் ஒன்று வேண்டியதாயிற்று என்பர். 1953இல் அவ்வுருளையையே முதலாம் இலக்கமாகக் கொண்டு மச்பொக்ஸ் என்னும் வரிசை வெளிவந்தது. மச்பொக்ஸ் என்றால் தீப்பெட்டி என்பதே பொருள். கார்களை அடைத்து விற்ற அட்டைப் பெட்டியும் தீப்பெட்டி வடிவிலேயே இருந்தது.

அதே 1953ஆம் ஆண்டு எலிசபெத் மகாராணியாரின் முடிசூட்டு விழா நடைபெற்றது. அதனையொட்டி லெஸ்னி செய்த சிறிய முடிசூட்டு இரதம் பத்து இலட்சத்துக்கு மேல் விற்றது. மதுச்சாலைக்குள் தொடங்கிய தொழில் அதன்பின் உலகமெங்கும் பரந்தது. 1982இல் லெஸ்னி நிறுவனம் கடனில் மூழ்கிக் கைமாறியது. 1997இலிருந்து மச்பொக்ஸ் என்னும் பெயர் அமெரிக்காவின் மட்டேல் நிறுவனத்துக்கு உரியதாயிற்று.

இக்கதையில் எம் மனத்திலே தங்கியது ஒன்றுண்டு. இலட்சம் இலட்சமாக ஒரேமாதிரி வார்க்கப்பட்ட இச்சிறு வாகனங்களின் தொடக்கம், ஒரு தகப்பன் ஒரு பிள்ளைக்கென்று தன் கையாற் செய்த ஒரேயொரு பொருள்.

நிறம் மாற்றும் ஆசை எங்கிருந்து வந்தது?

1968இல் மட்டேல் நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான எலியட் ஹாண்ட்லர் ஹொட் வீல்ஸ் என்னும் கார்களை வெளியிட்டார். அதுவரை இருந்த சிறு கார்கள் தள்ளினால் சிறிது தூரம் ஓடி நிற்கும். இவையோ மெல்லிய கம்பி அச்சிலே உராய்வு குறைந்த சக்கரங்கள் பூட்டப்பட்டு வழுக்கி ஓடின. முதல் ஆண்டில் வந்தவை பதினாறு. அவற்றுள் பத்துக் கார்களின் பெயர் 'கஸ்டம்' என்னும் சொல்லோடு தொடங்கிற்று.

இச்சொல்லுக்குக் காரணம் உண்டு. அக்காலத்துக் கலிபோர்னியாவிலே இளைஞர் பலர் பெரிய கார்களையே வாங்கித் தம் விருப்பப்படி வெட்டியும் ஒட்டியும் நிறம் மாற்றியும் ஓட்டிவந்தனர். தொழிற்சாலை தந்த காரைத் தனக்கே உரியதாக மாற்றிக்கொள்ளுதலையே 'கஸ்டம்' என்றனர். பெரிய கார் நிறுவனம் ஒன்றிலே வடிவமைப்பாளராக இருந்த ஹரி பிராட்லி என்பவரை அழைத்து, அந்த மோஸ்தரை விளையாட்டுக் காருக்கு மாற்றினர். மினுமினுக்கும் உலோகத்தின்மேல் ஒளிபுகும் நிறம் தீட்டப்பட்டிருந்தமையால் அவை மிட்டாய்போல் பளபளத்தன.

இப்பொழுது சக்கரம் மறுபுறமும் சுழன்றிருக்கின்றது. 2018இல் அந்நிறுவனம் ஒரு போட்டியைத் தொடங்கிற்று. மக்கள் தம் கையால் மாற்றியமைத்த பெரிய கார்களுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, அதனையே சிறு விளையாட்டுக் காராக வார்த்து வெளியிடுவது அப்போட்டியின் பரிசு. ஒருவருடைய கைவேலை தொழிற்சாலைக்குள் சென்று இலட்சமாகின்றது. அந்த இலட்சத்தில் ஒன்றை வேறொருவர் வாங்கி மீண்டும் தம் கைவேலையாக்குகின்றார்.

உள்ளே இருப்பது யாது?

காரைப் பிரிக்குமுன் அது எவ்வாறு செய்யப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். இதன் உடல் இரும்புமன்று, தகரமுமன்று. நாகம் எனப்படும் துத்தநாகத்தோடு நூற்றுக்கு நான்கு பங்களவு அலுமினியமும், மிகச் சிறிதளவு மகனீசியமும் செம்பும் சேர்ந்த கலப்புலோகம். சமாக் என்பது அதன் பெயர். அமெரிக்காவில் 1929இல் இது நடைமுறைக்கு வந்தது. நானூறு பாகை செல்சியசுக்குக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். உருகியதை உருக்கு அச்சினுள் பேரழுத்தத்தோடு செலுத்தினால், கதவின் இடுக்கும் விளக்கின் விளிம்பும் மயிரிழை பிசகாமற் பதியும். சில கணங்களில் இறுகிவிடும். அச்சைத் திறந்து காரை எடுத்துக்கொள்ளலாம்.

இக்கலப்பிலே ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும் கேடுண்டு. வெளியிலே ஒன்றுந் தெரியாது. பல ஆண்டுகள் சென்றபின் உலோகம் உள்ளிருந்தே வெடித்து, மாச்சில்லுப்போல் உதிரும். 1930களில் வந்த பழைய வாகனங்கள் பல இந்நோயால் அழிந்தன. ஆதலால் பழைய காரின் உடலில் மெல்லிய வெடிப்புகள் தென்படின், அதனைத் தேய்க்கவோ துளைக்கவோ முயலற்க.

உடலின் உட்புறத்திலே இரண்டு சிறு தூண்கள் இருக்கும். கண்ணாடி போன்ற பிளாத்திக்குத் துண்டு, ஆசனம், சக்கரம், அடித்தட்டு ஆகியவற்றை வரிசையாக வைத்து, அடித்தட்டின் துளை வழியே வெளிப்படும் தூணின் தலையைத் தட்டையாக்கி விடுவர். திருகாணி கிடையாது. அத்தலையே பூட்டு.

செய்முறை

முதல் வேலைக்குப் புதிய, விலை மலிந்த கார் ஒன்றையே எடுத்துக்கொள்க. துளைப்பதும் பூச்சை நீக்குவதும் பெரியவர்கள் செய்யற்பாலன. நிறம் தெரிவதும் தீட்டுவதும் பிள்ளைகளுக்கு உரியவை.

காரைக் கவிழ்த்துத் துணிமேல் உறுதியாக வைத்து, தூணின் தலை நடுவிலே கூரிய ஆணியால் ஒரு புள்ளி குத்துக. புள்ளியில்லாவிடின் துறப்பணம் வழுக்கி விரலிற் பாயும். பின்னர் மூன்று மில்லிமீற்றர் அளவான அலகினாலே தலையின் விளிம்பு சுரண்டுப்படும் மட்டும் மெதுவாகத் துளைக்க. ஆழமாகத் துளைத்தால் தூணே போய்விடும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி அணிதல் அவசியம். அடித்தட்டு கழன்றதும் உறுப்புகளை ஒரு பீரிசிலே கழன்ற ஒழுங்கின்படியே பரப்பி வைக்க. எம் பேத்தி கைத்தொலைபேசியிலே படம் பிடித்துக்கொள்வாள். நாம் அதனை அவசியமில்லை என்று எண்ணி, ஒருமுறை ஆசனத்தைப் பின்முன்னாக வைத்துப் பூட்டினோம். அன்றுமுதல் எமது வீட்டிலும் படம் பிடித்தல் விதியாயிற்று.

அடுத்து, பழைய பூச்சை நீக்குதல். பிளாத்திக்கு உறுப்பு எதுவும் உடலோடு இருத்தலாகாது. வர்ணம் நீக்கும் மருந்தைக் கடையில் வாங்கும்போது, மெதிலீன் குளோரைட்டு உள்ளதா என்று பார்த்து, உள்ளதாயின் தவிர்த்துவிடுக. மூடிய அறையிலே அதன் ஆவி உயிரையும் கொல்லும். அமெரிக்காவில் 2019இல் அத்தகைய வர்ண நீக்கிகளைப் பொதுமக்களுக்கு விற்றலைத் தடைசெய்தனர். எம்மருந்தாயினும் திண்ணையிலே, காற்றோட்டத்தில், கையுறையோடு செய்க. பழைய கார்களின் பூச்சிலே ஈயம் இருத்தல் கூடும். அதனை உலர்ந்தபடி அரத்தாள் கொண்டு தேய்த்துத் தூளாக்குதல் ஆகாது.

இங்கே எமது இல்லத்தரசிமாருக்கு ஒரு வார்த்தை. உலோகம் என்றதும் பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் துலக்கினால் என்ன என்று தோன்றும். தோன்றினாலும் செய்யற்க. நாகம் புளிப்பைத் தாங்காது. மேற்பரப்பு அரிக்கப்பட்டு, கதவின் மெல்லிய கோடுகள் மழுங்கிப்போம். காஸ்ரிக் சோடாவும் அவ்வாறே நாகத்தைத் தின்னும். பூச்சு நீங்கியபின் சவர்க்கார நீரும் பழைய பற்றூரிகையும் போதும். கழுவி, வெயிலில் உலர்த்தியபின் கைவிரல் படாமற் பார்த்துக்கொள்க. விரலின் எண்ணெய்ப் பசை புதிய பூச்சைப் பற்றவிடாது.

பின்பு அடிப்பூச்சு, அதன்மேல் நிறம். இரண்டும் மெல்லியனவாக, பலமுறையாக இருத்தல் வேண்டும். இதன் நியாயத்தைக் கணக்காலே காட்டுவோம். இக்கார்கள் பெரும்பாலும் ஏறத்தாழ அறுபத்துநான்கில் ஒரு பங்கு அளவினவை. நாலரை மீற்றர் நீளமான கார் இங்கே ஏழு சென்ரிமீற்றராகச் சுருங்கி நிற்கின்றது. மில்லிமீற்றரிற் பத்திலொன்று தடிப்பான பூச்சு அற்பமெனத் தோன்றும். அதனை அறுபத்துநான்கால் பெருக்கிப் பாருங்கள்: பெரிய காரிலே ஆறு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தடிப்பு! சுவருக்குச் சாந்து பூசியது போலன்றோ இருக்கும்? அவசரப்பட்டு ஒரே தடவையிற் பூசியவருடைய காரிலே கதவு எங்கே, சன்னல் எங்கே என்று தேட வேண்டியதுதான்.

விசிறிப் பூசும் வர்ணமாயின் ஒரு முழத்துக்குச் சற்றுக் குட்டையான தூரத்தில் நின்று, காருக்கு வெளியே தொடங்கிக் காருக்கு வெளியே முடியும்படி வீசுக. மாரிகாலத்திலே மழை இறங்கும் நாளிற் பூசலாகாது. காற்றின் ஈரம் உலரும் பூச்சிற் படிந்து, வெண்படலம் பாய்ந்ததுபோல் மங்கிவிடும். வெயிலேறிய முற்பகலே தக்க வேளை. ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடையிலே காத்திருத்தல்தான் பிள்ளைகளுக்குக் கடினம். அவ்வேளையிலே வீட்டுக்கணக்கைச் செய்வித்துவிடலாம் என்பது எமது அனுபவம்.

விளக்குக்கும் தாங்கிக்கும் வெள்ளி நிறம் வைக்கத் தூரிகை தேடி அலைய வேண்டா. தென்னோலை ஈர்க்கைக் கூராகச் சீவி, நுனியை வர்ணத்திலே தொட்டு, புள்ளியாக வைக்கலாம். இலக்கத் தகடும் கோடுகளும் வேண்டின், நீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் படத்தாள்கள் கிடைக்கின்றன. சக்கரங்களை வேறொரு காரிலிருந்து எடுத்துப் பூட்டலாம். அச்சுக்கம்பியின் நீளம் ஒத்திருக்கின்றதா என்பதை மட்டும் முன்னரே அளந்துகொள்க. ஈற்றில் தூணின் நடுவே சிறு துளையிட்டு, இரண்டு மில்லிமீற்றர்த் திருகாணியினாலே அடித்தட்டைப் பூட்டினால், நினைத்தபோது மீண்டும் திறக்கலாம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளிலே இச்சிறு உறுப்புகள் வாய்க்குள் போகாமற் காத்தல் பெரியோர் கடன்.

எமது தம்பியின் லொறி

நிற்க. தொடக்கத்திலே குறிப்பிட்ட பிழையை இனிச் சொல்வோம்.

எமது தகப்பனார் லொறிச் சாரதி. யாழ்ப்பாணத்து வெங்காயத்தையும் புகையிலையையும் கொழும்புக்கு ஏற்றிச் செல்லும் பெட்போர்ட் லொறி அவருடையது. 1963இல் ஒருநாள் கொழும்பிலிருந்து திரும்புகையில் எமது தம்பிக்கு மச்பொக்ஸ் லொறி ஒன்று வாங்கி வந்தார். அதுவும் பெட்போர்ட். சாம்பல் நிற முகப்பு. சிவப்பு நிறத் தொட்டி. தொட்டியைச் சாய்த்து மண் கொட்டலாம். தம்பிக்கு அப்பொழுது ஏழு வயது. நாம் கொழும்பிலே விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தோம். விடுமுறைக்கு வரும்போது அந்த லொறி முற்றத்து மணலிலே ஓடுவதைக் காண்போம். அவ்வளவே எமக்கும் அதற்கும் உள்ள உறவு.

தம்பி 1984இல் கனடாவுக்குப் போனார். 1995 ஒக்டோபர் முடிவிலே யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபொழுது, எமது தாயார் காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் ஒரு பிஸ்கட் தகரத்துள் வைத்து மடியிற் சுமந்து வந்தார். பின்னர் அத்தகரத்தைத் திறந்தபோது அடியிலே அந்த லொறி கிடந்தது. ஏன் கொண்டுவந்தீர்கள் என்று நாம் கேட்கவில்லை. தாயாரும் சொல்லவில்லை. இப்பொழுது கேட்பதற்குத் தாயார் இல்லை.

சென்ற ஆண்டு, தம்பி குடும்பத்தோடு வருவதாக எழுதியிருந்தார். அப்பொழுதுதான் எமக்கு அந்த எண்ணம் உதித்தது. பேத்தியோடு சேர்ந்து நாலைந்து கார்களை மாற்றியமைத்த அனுபவத்தினால் எமது கை துணிவு பெற்றிருந்தது. லொறியை வெளியே எடுத்தோம். பூச்சு அங்கங்கே உதிர்ந்து, விளிம்புகளில் உலோகம் தெரிந்தது. முகப்பிலே ஏதோ கறுத்த சிவப்புக் கறை. இதனைப் புதுக்கிக் கொடுத்தால் தம்பி மகிழ்வார் என்று எண்ணினோம். வேறு நிறம் கூடத் தீட்டவில்லை. கடையிலிருந்து வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே ஆக்க வேண்டுமென உறுதிகொண்டோம். சக்கரங்களைக் கழற்றினோம். மருந்து பூசினோம். பத்து நிமிடத்திலே பழைய பூச்சு முழுவதும் சுருண்டு கழன்றது. சாம்பல் நிறத்தைக் கலப்பதற்கு மாத்திரம் மூன்று நாட்கள் சென்றன. சிவப்பும் அச்சொட்டாக அமைந்தது. எமது வாழ்நாளிலே அத்துணை ஒழுங்காக வேறெந்த வேலையையும் செய்ததில்லை எனலாம்.

தம்பி வந்த அன்று மாலை, லொறியை ஒரு தீப்பெட்டி மேல் வைத்து அவர் முன்னே நீட்டினோம். அவர் வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். சக்கரத்தை விரலால் உருட்டிப் பார்த்தார். "நல்லாச் செய்திருக்கிறியள், அண்ணை," என்றார். சிறிது நேரம் சென்றபின் முகப்பை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"முன்பக்கத்திலை ஒரு பொட்டு இருந்ததெல்லோ?"

"என்ன பொட்டு?"

"நான் வைச்ச பொட்டு. ஆயுத பூசையண்டு அப்பா தன்ரை லொறிக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கேக்கை, இதுக்கும் வையுங்கோ எண்டு அழுதனான். வைச்சுப் பாத்தார், குங்குமம் இதிலை நிக்கேல்லை. நான் ஓடிப்போய் அக்காவின்ரை கியூட்டெக்ஸை எடுத்துக்கொண்டு வந்து வைச்சனான். அப்பா சிரிச்சுக்கொண்டு பக்கத்திலை நிண்டவர்."

நாம் வாய் திறக்கவில்லை. நாம் கறை என்று கண்டது நகப்பூச்சாற் போட்ட குங்குமப் பொட்டு. அது வைக்கப்பட்ட நாளில் நாம் விடுதியில் இருந்தோம். தாயார் ஏன் அதனை உறுதிகளோடு சேர்த்துச் சுமந்து வந்தார் என்பதும் அப்பொழுதுதான் ஒருவாறு விளங்கிற்று.

அருகில் நின்ற பேத்தி, "சின்னப்பப்பா, நான் கியூட்டெக்ஸ் கொண்டுவரட்டே? அதே இடத்திலை வைக்கலாம்," என்றாள்.

"வேண்டாம் குஞ்சு," என்றார் தம்பி. "அது அப்பா பாத்துக்கொண்டு நிக்க வைச்ச பொட்டு."

அவர் கோபிக்கவில்லை. மறுநாட் காலையிலும் எம்மோடு சிரித்துப் பேசிக்கொண்டுதான் இருந்தார். போகும்போது லொறியையும் எடுத்துச் சென்றார். எமக்கோ அந்தப் பத்து நிமிடம் இன்றும் உறுத்துகின்றது.

தொடுமுன் கேட்க வேண்டியவை

தொழிற்சாலையிலே அந்த லொறியைப்போல் இலட்சக்கணக்கில் வார்த்தார்கள். எல்லாவற்றுக்கும் சாம்பல் முகப்பும் சிவப்புத் தொட்டியுந்தான். அவற்றுள் ஒன்றுக்கு மாத்திரம் நெற்றியிலே பொட்டு இருந்தது. ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, எக்கருவியும் இல்லாமல், எவருங் கற்பியாமல், இலட்சத்தில் ஒன்றைத் தனக்கே உரியதாக ஆக்கிக்கொண்டது. இக்கலையின் சாரம் முழுவதும் அந்த ஒரு துளி நகப்பூச்சிலே இருந்தது. நாம் அதனை நீக்கிவிட்டு, மற்ற இலட்சத்தோடு அதனையும் சேர்த்துவிட்டோம். புதுக்கினோம் என்று எண்ணினோம். உண்மையில் தொழிற்சாலைக்கே திருப்பிக் கொடுத்தோம்.

ஆகவே, துறப்பணத்தைக் கையில் எடுக்குமுன் வாசகர்கள் மூன்று கேள்விகளைத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக.

முதலாவது: இந்தக் கார் யாருடையது? உரியவர் உயிரோடு இருப்பின், கடல் கடந்து இருந்தாலும் கேட்ட பின்னரே தொடுக. திடீரெனக் கொடுத்து மகிழ்விக்கலாம் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த மகிழ்ச்சி பெரும்பாலும் கொடுப்பவருக்கே உரியது.

இரண்டாவது: இதிலுள்ள கீறலும் கறையும் எவ்வாறு வந்தன? மணலில் உரைந்த கீறலும் சுவரில் மோதிய நெளிவும் ஒரு பிள்ளையின் நாட்குறிப்பு. அதனை வாசிக்கத் தெரியாதவிடத்து, தெரிந்தவரைத் தேடுக.

மூன்றாவது: இது பழையதா? பழைய காரின் மூலப்பூச்சு, சிதைந்திருந்தாலும், புதிய பூச்சினும் மதிப்புடையது என்பது சேகரிப்போர் துணிபு. அதன் அட்டைப்பெட்டியும் கூட இருந்தால் மதிப்பு இன்னும் ஏறும். புதுப்பூச்சுப் பூசியதைப் பழையதென்று சொல்லி விற்பது மோசடி. துளைத்த தூணைக் கவிழ்த்துப் பார்த்த மாத்திரத்தில் அறிந்தோர் கண்டுகொள்வர்.

இம்மூன்றுக்கும் தக்க விடை கிடைப்பின் அச்சமின்றித் தொடங்கலாம். கடைகளிலே புத்தம் புதிய கார்கள் தொங்குகின்றன. அவற்றுக்கு ஒருவருடைய நினைவும் இன்னும் ஏறவில்லை. அவற்றையே வாங்கிப் பிள்ளைகள் கையிற் கொடுங்கள். எந்த நிறம் என்பதை அவர்களே சொல்லட்டும். காருக்கு ஊதா நிறம் பொருந்தாது என்று சொல்ல எமக்கு வாய் வந்தபோது அடக்கிக்கொண்டோம். எம் பேத்தியின் ஊதாக் கார் இப்பொழுது எமது மேசையிலே நிற்கின்றது. பூச்சு ஒருபக்கம் தடித்துவிட்டது. ஒரு கதவு கண்ணுக்குத் தெரியவில்லை. விளக்குகளுள் ஒன்று பெரிது, மற்றது சிறிது. திருத்தித் தரட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்றாள்.

நாமும் தொடவில்லை.